கடல் கடந்த விளையாட்டுக்கள்

ஆனையிறவைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் கண்டி வீதி பளையை அணுகும்போது தென்னந்தோட்டங்களுக்கு ஊடாகச் செல்லும். அவ்வூர்க் கடைகளில், நாட்டின் ஏனைய ஊர்க் கடைகளிற் போலவே, சிறுவர்க்கென விற்கப்படும் விளையாட்டு அட்டை ஒன்றுண்டு. அதன் ஒருபுறத்தே ஒன்று முதல் நூறு வரை எண்ணிட்ட கட்டங்களும் அவற்றின் குறுக்கே பாம்புகளும் ஏணிகளும் வரையப்பட்டிருக்கும். மறுபுறத்தே நான்கு நிறங்களில் லூடோ. ஒரு பிளாஸ்டிக் பகடையும் சில காய்களும் உடன் வரும். விடுமுறை நாளிற் பிள்ளைகள் அதனை விரித்து விளையாடுவர். மின்சாரம் நின்ற இரவிற் பெரியோரும் சேர்ந்துகொள்வர். அவ்வீட்டிலேயே மூத்த பிள்ளை, யப்பானியர் ஆக்கிய வீடியோ விளையாட்டொன்றை ஆங்கில எழுத்துக்களோடு கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருத்தலும் கூடும். முன்னையதை மேல்நாட்டுச் சரக்கென்று பெரும்பாலோர் எண்ணுவர். பின்னையதை யப்பானியச் சரக்கென்பர். இரண்டும் அரையுண்மைகளே. முன்னையது பாரத நாட்டிற் பிறந்து இங்கிலாந்து சென்று திரும்பியது; பின்னையது யப்பானிற் பிறந்து அமெரிக்காவில் உடை மாற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாட்டு விளையாட்டு வேற்று நாட்டார்க்கு ஏற்ப மாறும்போது அதன்கண் அமைந்த பண்பாட்டுக் குறிப்புக்கள் என்னவாகின்றன என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

பரமபதம் என்னும் பெயரே அவ்விளையாட்டின் இலக்கினை உரைப்பது. வைகுண்ட ஏகாதசி இரவிலே துயில் நீத்திருப்போர் அதனை விளையாடுதல் தமிழகத்து வழக்கு. படத்தின் கீழ்ப்பகுதி தாழ்ந்த பிறவிகளையும் மேற்பகுதி தேவருலகங்களையும் குறிக்கும். ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீக்குணங்கள், பாம்புகள் சிலவற்றுக்குப் புராணத்து அசுரர் பெயர்களும் உண்டு. வட இந்தியாவில் இதன் இனமான விளையாட்டு ஞான சௌபர் எனப்பட்டது. சமணர் வகுத்த பலகை பெரும்பாலும் 84 கட்டங்களும், வைணவர் வகுத்தது 72 கட்டங்களும் உடையன. சூபி நெறியினர் வகுத்த பலகையும் உண்டு. அதில் ஏணிகளின் முடிவு இறைவனது அரியணை. எனவே இவ்விளையாட்டு கடல் கடப்பதற்கு முன்னரே பன்முறை மொழிபெயர்க்கப்பட்டது எனலாம். ஆயினும் அம்மொழிபெயர்ப்புக்களில் ஒரு நெறியின் இடத்தை மற்றொரு நெறியே பிடித்தது. கட்டத்துக்குக் கட்டம் பெயர் மாறியது. பெயரில்லாக் கட்டம் ஒன்றுமில்லை.

வைணவப் பலகையில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. கட்டங்கள் 72 ஆயினும் வைகுந்தம் நிற்பது 68ஆம் கட்டத்தில். அங்கே சரியாக வந்து நில்லாமல் தாண்டிப் போனவன் உயர்ந்துவிட்டதாகக் கருதப்படான். மேலுள்ள கட்டங்களில் ஊர்ந்து சென்று, கடைசிக் கட்டத்திற் காத்திருக்கும் பாம்பின் வாயில் விழுந்து, மண்ணுலகுக்குத் திரும்புவான். இலக்கு வேறு, எல்லை வேறு என்னும் இக்கருத்தினைப் பலகை வாய்திறவாமலே கற்பித்தது. விளையாடுவோன் அதனைத் தத்துவமாகக் கற்க வேண்டியதில்லை; ஓரிரு முறை விழுந்தெழுந்தாற் போதும்.

இங்கிலாந்தில் 1890களில் இவ்விளையாட்டு விற்பனைக்கு வந்தது. இலண்டன் விளையாட்டுப் பொருள் வணிகர் எயர்ஸ் என்பார் 1892இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். விக்டோரியா அரசி காலத்து அப்பலகைகளிற் பிறவியும் வீடுபேறும் இல்லை. ஆனால் அறம் முற்றாக நீங்கிவிடவுமில்லை. சிக்கனம், உழைப்பு, செய்த பிழைக்கு வருந்துதல் என்பன ஏணியடியில் நின்றன. சோம்பல், கீழ்ப்படியாமை, இன்பத்தில் மிதமிஞ்சி ஆழ்தல் என்பன பாம்பின் தலையில் நின்றன. ஏணியின் முடிவில் அருளும் வெற்றியும். பாம்பின் வாலிலே வறுமை, நோய், அவமானம். மறுமைக் கணக்கு இம்மைக் கணக்காகிவிட்டது. இந்தியப் பலகைகளிற் பெரும்பாலும் பாம்புகள் மிகுதி, ஏணிகள் குறைவு. ஆங்கிலப் பலகைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒத்த எண்ணிக்கையினவாயின. வீடுபேறு அரிது என்று சொன்ன பலகை, முயன்றவனுக்கு வாழ்வு நேர்மையாக நடந்துகொள்ளும் என்று சொல்லத் தொடங்கியது.

பின்னர் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் 1943இல் வெளியிட்ட பலகையிற் பாம்பும் போயிற்று. பிள்ளைகள் அஞ்சுவர் எனக் கருதிப் பூங்காக்களில் உள்ள சறுக்குப் பலகையை அதன் இடத்தில் வைத்தனர். குறும்பு செய்த பிள்ளை சறுக்கி விழும். நல்லது செய்த பிள்ளை ஏணியேறிப் பரிசு பெறும். சறுக்குதலைத் தண்டனையாகக் கருதும் பிள்ளை எந்நாட்டிலும் இல்லை என்பதை அதனை வரைந்தோர் எண்ணினரோ, இல்லையோ! இன்று பளையில் விற்கும் அட்டையிற் பெரும்பாலும் எண்களன்றி வேறெழுத்தே இராது. நெறி அறமாகி, அறம் நன்னடத்தையாகி, ஈற்றில் எண்ணே எஞ்சியது. விதியோ தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கின்றது: பாம்பு கடித்தால் இறங்க வேண்டும், ஏணி கண்டால் ஏற வேண்டும். இதனாலேயே இழப்பு எவர் கண்ணிலும் படவில்லை. நூலொன்றை மொழிபெயர்க்கையில் ஒரு பக்கம் விடுபட்டால் கதை தடுமாறும். விளையாட்டிலோ பொருள் முழுவதும் உதிர்ந்தபின்னும் விளையாட்டு நடக்கும்.

அட்டையின் மறுபுறத்துக்கும் இத்தகைய வரலாறே. பச்சீசி என்பது இருபத்தைந்து எனப் பொருள்படும் இந்திச் சொல்லினின்று வந்தது. சோகிகளை உருட்டிப் பெறத்தக்க பேரெண் அது. அமெரிக்காவில் 1870களிற் பார்ச்சீசி என்ற பெயரோடு அது வணிகக் குறியாகப் பதியப்பட்டது. இங்கிலாந்தில் 1896இல் லூடோ என்னும் பெயரில் எளிமையாக்கப்பட்டுக் காப்புரிமை பெற்றது. லூடோ என்பது 'நான் விளையாடுகிறேன்' எனப் பொருள்படும் இலத்தீன் மொழி. சோகி நீங்கி அறுமுகப் பகடை வந்தது. அதனினும் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பச்சீசியில் நால்வர் ஆடினும் எதிரெதிர் அமர்ந்த இருவர் ஒரு கட்சியினர். துணைவனுடைய காய்கள் பின்தங்கின் முன்னேறியவன் காத்திருந்து உதவுவான். லூடோவில் ஒவ்வொருவரும் தத்தமக்கே ஆடுவர். 'நான் விளையாடுகிறேன்' என்னும் பெயர் இவ்வகையில் மிகப் பொருத்தமாய் அமைந்துவிட்டது.

தமிழர் தாய விளையாட்டில் ஆடுபொருளைக் 'காய்' என்பர். அது சுற்றி முடித்து நடுமனை சேர்ந்தவிடத்துப் 'பழம்' என்பர். விளையாட்டின் போக்கு முழுவதும் இவ்விரு சொல்லுள் அடங்கும். காய் வெட்டுண்ணும், பழத்தை எவரும் வெட்டுவதில்லை. இதனை ஆங்கிலத்திற் பெயர்ப்பவன் யாது செய்வான்? அம்மொழியில் ஆடுபொருளுக்கும் பழுக்காத கனிக்கும் ஒரு சொல் இல்லை. ஆதலின் ஒன்று பெயர்க்காமல் விடவேண்டும். அன்றேல் வேறொரு சிலேடையை அம்மொழியிலே புதிதாகப் படைக்கவேண்டும். யப்பானிய விளையாட்டுக்களைப் பெயர்த்தோர் எதிர்ப்பட்ட இடரும் இதுவே. பரமபதத்தின் பயணத்தைப் பலகைகளைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. யப்பானிய விளையாட்டுக்களின் பயணமோ அண்மையில் நிகழ்ந்தது. ஒரே விளையாட்டின் இரு வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். ஆதலின் மாற்றத்தின் இயல்பு அங்கே தெளிவாகப் புலப்படும்.

யப்பானிய நாமுக்கோ நிறுவனத்தில் இவத்தானி என்பார் 1980இல் ஆக்கிய விளையாட்டொன்றில், மஞ்சள் வட்டமொன்று வாயைத் திறந்தும் மூடியும் புள்ளிகளைத் தின்றுகொண்டே செல்லும். வாயசைத்து உண்ணும் ஒலியை யப்பானியர் 'பக்கு பக்கு' என இரட்டித்துரைப்பர். மொறுமொறு, சலசல என்னும் தமிழ் இரட்டைக்கிளவிகளை ஒத்தது அது. அவ்வொலியடியாகப் 'பக் மான்' என்ற பெயர் வந்தது. அமெரிக்காவுக்குச் செல்லுமுன் அப்பெயர் 'பாக் மான்' ஆயிற்று. ஆங்கிலத்தில் எழுதிய பழைய பெயரின் முதலெழுத்தை விஷமக்காரர் சற்றே சுரண்டின் அது வசைச்சொல்லாகிவிடும் என்னும் அச்சமே காரணம். உலகமெங்கும் அறியப்பட்ட ஒரு பெயர் இவ்வாறு ஒரு தடுப்பு நடவடிக்கையாகப் பிறந்தது. 'பக்கு பக்கு' என்னும் ஒலிக்குறிப்பு யப்பானியர் செவிக்கு மாத்திரம் எஞ்சியது.

மாற்றாமல் விட்டதனால் மறைந்த குறிப்பும் உண்டு. நின்டெண்டோ நிறுவனத்தின் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மூன்றாம் பாகம் 1988இல் வெளிவந்தது. அதில் மரியோ இலையொன்றைப் பெற்றுப் பறப்பான். தனுக்கி என்னும் விலங்கின் தோலுடையை அணிந்தால் வேண்டியபோது கற்சிலையாகவும் மாறுவான். யப்பானியர் நாட்டுப்புறக் கதைகளில் தனுக்கி தலையில் இலை வைத்து உருமாறும் விலங்கு. அச்சிலையோ ஜிசோ. வடமொழியிற் க்ஷிதிகர்பர் எனப்படும் போதிசத்துவரே அவர். வழிப்போக்கரையும் சிறுபிள்ளைகளையும் காப்பவர் என்று வீதியோரங்களில் வைத்துப் போற்றப்படுபவர். மேல்நாட்டுப் பிள்ளைகள் இவற்றுள் ஒன்றையும் அறியார். உடை எதற்காகப் பறக்கிறது, பறப்பவன் எதற்காகக் கல்லாகிறான் என்று வினவாமலே விளையாடினர். வன்னியிற் பிறந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. கண்டி வீதியிற் செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் முன் நின்று, தேங்காய் உடைத்து, அதன்பின் செல்லும். ஒரு விளையாட்டில் வழிப்போக்கன் ஒருவன் ஆபத்து நேரத்தில் அப்பிள்ளையாராகி வீதியோரம் அமர்ந்தால், கிளிநொச்சிப் பிள்ளை கணத்தில் நகைத்துவிடும். அப்பால் உள்ளோர்க்கு அது வெறுங்கல்.

முற்றாக மாற்றிய விளையாட்டுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, கப்கொம் நிறுவனம் 2001இல் வெளியிட்ட வழக்காடு மன்ற விளையாட்டு. யப்பானிய மொழியில் அதன் தலைமகன் பெயர் நருஹோதோ. 'ஓகோ, அப்படியா' என்று ஒருவர் தலையசைக்கும்போது சொல்லும் சொல்லே அது. இத்தகைய பெயரைப் பூண்ட இளம் வழக்கறிஞன் மன்றில் எழுந்து நிற்பதே நகைச்சுவை. 2005இல் ஆங்கில வடிவம் வந்தபோது அவன் பீனிக்ஸ் றைற் ஆனான். 'சரி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் அப்பெயரில் ஒலிக்கும். தோல்விச் சாம்பலினின்று எழும் பறவையின் பெயரும் வழக்கைப் புரட்டிப்போடுவோனுக்கு ஒக்கும். பெயர்ப்போன் யப்பானியச் சிலேடையை இழந்தான். ஆங்கிலச் சிலேடையை ஈட்டினான். இதனைக் குறைகூறத் தமிழர்க்கு உரிமை குறைவு. சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்தன் ஆக்கியதும், வெனிஸ் நகரை வாணீபுரம் ஆக்கியதும் இவ்வழியேயன்றோ! வழிநூல் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்தெண்ணுதலின், பெயர்ப்போன் முதனூலாசிரியனுக்கு ஏவலாளன் மாத்திரம் அல்லன் என்பது தமிழ் மரபுக்கு ஒவ்வாத கருத்தன்று.

ஆனால் அவ்விளையாட்டில் நிகழ்ந்தது பெயர் மாற்றத்தோடு நிற்கவில்லை. கதை நிகழும் நகரம் லொஸ் ஏஞ்சலிஸ் எனப்பட்டது. தலைமகனுடைய தோழி விரும்பியுண்ணும் ராமன் என்னும் குழம்புநூடில்சு, ஆங்கிலத்தில் பர்கர் ஆயிற்று. அடுத்தடுத்த பாகங்களில் இடர் வளர்ந்தது. ஆவியை வரவழைக்கும் பெண்கள் வாழும் மலைக்கிராமம், கிமோனோ உடை, கோயில் வாயில் என யப்பானியக் காட்சிகள் பெருகின. ஓவியத்தை மாற்ற இயலாது. லொஸ் ஏஞ்சலிசில் இவையெல்லாம் எங்ஙனம் வந்தன? மொழிபெயர்ப்புக் குழுவினர் இதற்கு ஒரு கற்பனை வரலாறு வகுத்துக்கொண்டனர். யப்பானியக் குடியேறிகளுக்கு எதிரான சட்டங்கள் எழாத, அவர்தம் பண்பாடு தழைத்து வளர்ந்த கலிபோர்னியா அது என்றனர். உண்மை வரலாறோ வேறு. 1913இல் யப்பானியக் குடியேறிகள் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் கலிபோர்னியாவில் இயற்றப்பட்டது. 1942 முதல் ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வழியினர் மேற்குக் கரையினின்று அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஒரு கிண்ணம் ராமனை மறைக்கத் தொடங்கியவர்கள், நடவாத வரலாறொன்றை எழுதும் நிலைக்கு வந்தனர். அக்கற்பனை குழந்தைத்தனமானதென்று தள்ளத்தக்கதன்று. குடியேறிய மக்களுக்கு அந்நாடு எவ்வாறு இருந்திருக்கலாம் என்பதை விளையாட்டுப் போலச் சொல்லிவிட்டது அது. இதே வரிசையில் 2015இல் வந்து 2021இல் ஆங்கிலமான மற்றொரு விளையாட்டு, மெய்ஜி காலத்து யப்பானியன் ஒருவன் இலண்டன் செல்லுங் கதை. அதில் நருஹோதோ என்னும் பெயர் நருஹோதோ என்றே நின்றது. பதினாறு ஆண்டுகளில் ஆங்கில வாசகரும் மாறியிருந்தனர்.

வெட்டி நீக்குதல் வேறொரு வழி. யப்பானிய நகர்ப்புறக் குற்றக் கும்பல்களைப் பற்றிய 'யக்குசா' வரிசையின் மூன்றாம் பாகம் 2010இல் மேல்நாடு சென்றபோது, சோகி என்னும் யப்பானியச் சதுரங்கமும் மாஜோங் ஆட்டமும் பிறவும் நீக்கப்பட்டன. மேல்நாட்டார்க்கு விளங்காதென்பது கருத்து. விளையாடியோர் முறையிட்டனர், பின்வந்த பதிப்பு குறைகளை நிரப்பியது. இவ்வழியைப் பற்றி மிகுதியும் சொல்வதற்கில்லை.

இவ்வேறுபாடுகளுக்கெல்லாம் அடியில் நிற்கும் கருத்தொன்றினைக் கொய்ச்சி இவபுச்சி என்னும் யப்பானிய அறிஞர் 2002இல் வெளிவந்த நூலில் விளக்கினார். ஏற்றுமதியாகும் பண்டங்களில் அவற்றின் நாட்டு வாடை வீசாமற் பார்த்துக்கொண்டமையே யப்பானியப் பண்டங்கள் பரவியதற்கு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. வாடை என்ற சொல்லாட்சி கூர்மையானது. ஒரு வீட்டார்க்கு மணமாவது மறுவீட்டார்க்கு நாற்றமாதல் கூடும். கருவாட்டைக் கொண்டு பிறநாட்டு விமானமேறியோர் இதனை நூல் கற்காமலே அறிவர்.

ஆயினும் யப்பானியர் தம் விளையாட்டு எங்கே, யாரால், எவ்வாறு மாற்றப்பட்டது என்பதைக் கண்டுகொண்டே இருந்தனர். விலங்குகள் வாழும் சிற்றூரில் விளையாடுவோன் குடியேறும் நின்டெண்டோ விளையாட்டொன்று 2001இல் யப்பானில் வந்தது. 2002இல் 'அனிமல் குரோசிங்' என அமெரிக்கா சென்றது. அந்நாட்டுக் குழுவினர் விழாக்களையும் பொருள்களையும் பேச்சையும் பெரிதும் மாற்றிப் புதியன சேர்த்தனர். யப்பானியர் அம்மாற்றங்களை விரும்பி, 2003இல் வெளியிட்ட யப்பானியப் பதிப்பில் அவற்றைத் தம்மொழிக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தனர். பெண் மறுவீடு சென்று புதுப் பழக்கங்களோடு தாய்வீடு வந்தது போன்றது இது. தாய் மகளை அறிவாள். பரமபதம் திரும்பிவந்த கதை அத்தகையதன்று. அது கடைப்பொருளாக, எண்ணிட்ட அட்டையாக, வேற்றார் பெயரோடு வந்தது. பெற்றோர் விலை கொடுத்து வாங்கிக் கொடுத்தனர்; அது தம் வீட்டுப் பெண் என்பதை அறிந்தோர் சிலரே.

பளைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2014 மார்ச்சில். அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை அது நீளும்வரை சில திங்கள் பளையே கடைசி நிலையமாக இருந்தது. யப்பானிய விளையாட்டுக்களைப் பொறுத்தவரை பளை இன்னும் கடைசி நிலையமே. அவை பெரும்பாலும் அமெரிக்கர்க்கென மாற்றிய ஆங்கில வடிவிலேயே இங்கு வந்து சேர்கின்றன. பௌத்தமும் பிள்ளையாரும் அயலில் உள்ள பிள்ளைக்கு ஜிசோவை விளங்கவைத்தல் எளிது. ராமனைப் பர்கர் ஆக்க வேண்டிய தேவையே இல்லை, இடியப்பமுஞ் சொதியும் உண்போர்க்கு இழையுங் குழம்பும் புதிதல்ல. எனினும் அப்பிள்ளைக்குக் கிடைப்பது அமெரிக்கப் பிள்ளைக்கெனச் சமைத்த உணவே. ஆசியப் பண்பாடொன்று மற்றோர் ஆசியப் பண்பாட்டினை அடைய இத்துணைச் சுற்றுவழி வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையிற் சென்ற விளையாட்டொன்றும் உண்டு. கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள விசை என்னும் சிறு குழுவினர் 2023இல் 'வெண்பா' என்ற விளையாட்டினை வெளியிட்டனர். 1980களில் தமிழகத்தினின்று கனடா சென்ற தாய் தந்தையும் அங்குப் பிறந்த மகனும் அதன் மாந்தர். தாயின் பெயர் வெண்பா. அப்பெயரை ஆங்கிலமாக்கவில்லை, அதன் யாப்பிலக்கணப் பொருளை விளக்கவும் முனையவில்லை. விளையாடுவோன் செய்யவேண்டியது சமையல். தாய்வீட்டினின்று வந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் மைகலைந்தும் கிடக்கும். எது முதல், எது பின் என்பதை ஊகித்து இட்டலியும் புட்டும் ஆக்கவேண்டும். வானொலியிற் பாடல்கள் ஆண்டுக்காண்டு தமிழ்த் திரையிசையின் போக்கிலே மாறிச்செல்லும். அயல்நாட்டான் அறியாத குறிப்பை நீக்கவோ மாற்றவோ செய்யாமல், அவ்வறியாமையையே தீர்க்கவேண்டிய புதிராக்கிவிட்டமை இதன் திறம். மகனும் தாய்மொழியை அரைகுறையாய் அறிந்தவன். ஆதலின் விளையாடும் அயலான் அம்மகன் நிலையில் நிற்கிறான். 2024இல் பிரித்தானியாவின் பாப்டா விருது, முதல் விளையாட்டுக்குரிய பிரிவில் இதற்குக் கிடைத்தது.

தமிழகத்து முறையில் ஆக்கிய அப்புட்டு, குழலில் அவிப்பது. மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி இட்டுக் குழலை நிரப்பவேண்டும் என்பதை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ளோர் அதில் விளையாடிக் கற்றனர். பளையில் அதனைத் திறக்கும் பிள்ளை அவ்வரிசையைச் சொல்ல எக்குறிப்பேடும் வேண்டாதது. ஆனால் அருகிலிருந்து பார்க்கும் பேத்தியார், குழல் எதற்கு, நீற்றுப்பெட்டி எங்கே என்று கேட்பார்.